ஆயர் சிலைக்கு முகம் வைத்த கதை

கோரைக்குளத்தில் எஸ்தாக்கி என்றொரு நாரை இருந்தது. குளக்கரைக் கோயிலுக்கு அதுதான் உபதேசியார். மணி அடிப்பது, செபம் சொல்லிக்கொடுப்பது, சாமியார் இல்லாத நாளில் சனங்களைக் கூட்டி வழிபாடு நடத்துவது எல்லாம் அதன் வேலை. ஒரு காலை மடக்கிக்கொண்டு அது செபம் சொல்ல ஆரம்பித்தால் தவளைகள்கூட வாயை மூடிக்கொள்ளும். நல்ல குரல். நல்ல மனசும்தான். ஆனால் யாரோடும் பொல்லாப்பு வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து சாகும். அந்த ஒரு பயம்தான் எஸ்தாக்கியின் குறை.

அந்தக் குளத்துக்கு முன்பு ஓர் ஆயர் இருந்தார். கிழட்டுக் கூழைக்கடா. சந்தியாகு ஆயர் என்பார்கள். அவர் பிரசங்கம் சுமார்தான். பாட்டு அதைவிட மோசம். அலகுக்குக் கீழே பெரிய பை தொங்கும். அந்தப் பையில் மீனை நிறைத்துக்கொண்டு, நொண்டி வாத்துக்கும் கண் தெரியாத கொக்குக்கும் வீடு வீடாகப் போய்க் கொடுப்பார்.

ஒரு வருஷம் ஆலங்கட்டி மழை கொட்டியது. ஒவ்வொரு கட்டியும் கொட்டைப்பாக்கு அளவு. ஒதுங்க இடமில்லாமல் குஞ்சுகள் கரையில் ஓடின. ஆயர் பறந்து வந்து இறங்கினார். இரண்டு இறக்கையையும் விரித்தார்.

"உள்ள வாங்க! எல்லாரும் உள்ள வாங்க!" என்று கத்தினார்.

வாத்துக் குஞ்சு வந்தது. காக்கைக் குஞ்சு வந்தது. கீரிப்பிள்ளையின் குட்டி ஒன்றும் வந்தது. யார் பிள்ளை, எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இறக்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். மழை விட்டதும் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆயர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவருடைய முதுகெலும்பு நொறுங்கிப் போயிருந்தது.

குளமே அழுதது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், "நம்ம ஆயருக்கு ஒரு சிலை வைக்கணும்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை.

சிலை செய்யும் வேலை அல்போன்ஸ் என்ற தூக்கணாங்குருவியிடம் போனது. பின்னுவதில் அதற்கு இணை கிடையாது. இரண்டு மாதம் கோரையைக் கிழித்துப் பின்னியது. வெளிப்பக்கம் மட்டும் மெல்லிசாகக் களிமண் பூசியது. திறப்பு நாளில் தாமரை இலைகளால் சிலையை மூடி வைத்திருந்தார்கள். பங்குச் சாமியார் ரபேல், அவர் ஒரு நீர்க்காகம், செபம் சொல்லி இலைகளை இழுத்தார்.

பனங்கன்று உயரத்துக்கு ஓர் அங்கி நின்றது. இரண்டு பக்கமும் அகல விரிந்த அங்கி. முன்பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில், யாரையோ குனிந்து பார்ப்பதுபோல ஒரு வளைவு. கண் இல்லை, அலகு இல்லை, பை இல்லை.

ஒரு தவளை களுக்கென்று சிரித்துவிட்டது. அவ்வளவுதான்!

"இது ஆயரா? இல்ல, கதவு போன நெல்லுப் பத்தாயமா?"

"நான் மீன் பிடிக்கிற பறின்னுல்ல நெனச்சேன்!"

"மழை வந்தா ஒதுங்கிக்கிடலாம் வே! அதுக்காவது ஆகும்!"

தொம்மை என்ற கிழட்டு ஆமை முன்னால் வந்தது. குளத்துச் சபைக்கு அதுதான் பெரியவர்.

"முகம் எங்க? முகம் இல்லாம என்னய்யா சிலை! எங்க ஆயரைக் கேலி பண்ணியிருக்கான் இந்தக் குருவி!"

"கேலியா?" என்று கிளையிலிருந்து கத்தியது விக்டர் என்ற மீன்கொத்தி. அது பட்டணத்துக் குளத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தது. அதைச் சொல்லாமல் அதற்கு ஒரு நாளும் விடியாது. "இது நவீன கலை! பட்டணத்துல எல்லாம் இப்படித்தான் வைக்காங்க! உங்களுக்குக் காலண்டர் படம்தான் லாயக்கு!"

"உன் பட்டணத்தைக் கொண்டு குப்பையில போடு!"

"குப்பையிலயே இருக்கிறவங்களுக்கு வேற என்ன தெரியும்!"

அல்போன்ஸ் மெதுவாகச் சொன்னது.

"அன்னைக்கு மழையில அவரு முகத்தை யாரு பாத்தீங்க? நானும் அந்தக் குஞ்சுங்களோட ஒதுங்கி உள்ள இருந்தேன். நான் பாத்தது அவரு இறக்கையோட உள்பக்கத்தைத்தான். அதைத்தான் செஞ்சேன்."

யார் கேட்டார்கள்? சண்டை சூடு பிடித்துவிட்டால் செய்தவன் பேச்சு எடுபடாது.

அன்றிலிருந்து குளம் இரண்டாகப் பிளந்தது. முகம் வேண்டும் என்றவர்கள் கிழக்குக் கரை. வேண்டாம் என்றவர்கள் மேற்குக் கரை. பேசி முடித்த கல்யாணங்கள் நின்றன. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் தகப்பன் கிடைக்கவில்லை. பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் இரண்டு கரையும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. செத்துப்போன ஆயர் பேரைச் சொல்லிச் சொல்லியே இத்தனையும் நடந்தது. கேட்டால் இரண்டு பக்கமும், "அவர் மேல உள்ள பாசம்!" என்றார்கள்.

எஸ்தாக்கி நடுவில் மாட்டிக்கொண்டது. ஆமையைப் பார்த்தால், "நீங்க சொல்றதும் நியாயம்தான் பெரியவரே" என்று சொல்லும். மீன்கொத்தியைப் பார்த்தால், "படிச்சவங்க சொன்னா அதுல விஷயம் இருக்கும்" என்று சொல்லும். உபதேசியார் தங்கள் கட்சி என்று இரண்டு கரையும் நம்பின. அந்த நம்பிக்கையில் எஸ்தாக்கி சுகமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பிலோமி வந்து சேர்ந்தது. அது ஒரு நீர்க்கோழி. வடக்கே அது வாழ்ந்த குட்டை வற்றிப்போயிற்று. புருஷனைப் பாம்பு கொண்டுபோயிற்று. வயிற்றில் முட்டையோடு நடந்தே வந்தது. கிழக்குக் கரையில் போய் இடம் கேட்டது.

"முதல்ல இதைச் சொல்லு. சிலைக்கு முகம் வேணுமா, வேண்டாமா?"

"எனக்கு முட்டை வைக்க இடம் வேணும்" என்றது பிலோமி.

"மேற்குக் கரை ஆள் இது! விரட்டு!"

மேற்குக் கரைக்குப் போனது. அங்கேயும் அதே கேள்வி, அதே விரட்டல். பிலோமி தள்ளாடித் தள்ளாடிச் சிலைக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே எஸ்தாக்கி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, இது யாரு வீடு?"

"வீடு இல்லம்மா. எங்க ஆயரோட சிலை."

"உள்ள காலியாத்தானே கெடக்கு. ஒரு மாசம் இருந்துக்கிடட்டுமா? அவரு கோவிச்சுக்குவாரா?"

எஸ்தாக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

"அவருக்குக் கோவிக்கவே தெரியாது. போம்மா, உள்ள போ."

பிலோமி நான்கு முட்டை இட்டது. அங்கியின் அடிமூலையில் கோரைச் சருகை மெத்தையாக்கி அடைகாத்தது. சண்டை மூண்ட பிறகு சிலைப் பக்கம் வேறு யாரும் வருவதில்லை. எஸ்தாக்கி தினமும் காலையில் பாசியும் நத்தையும் கொண்டுவந்து கொடுத்தது. அங்கிக்குள் குனிந்து அந்த முட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு நெஞ்சு நிறைந்துபோகும். அல்போன்ஸ் சொன்னது எவ்வளவு சரி என்று தோன்றும். ஆனால் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆமை, "பாத்தீரா, கோழிக்கூடாப் போச்சு!" என்று குதிக்கும். மீன்கொத்தி, "கலைச் சின்னத்துல எச்சமா!" என்று குதிக்கும். உள்ளே விட்டது யார் என்று கேட்பார்கள். சண்டை ஓயட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டது.

ஆயரின் ஆண்டு நினைவு நெருங்கியது. ரபேல் சாமியார் இரண்டு கரையையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இப்படியே போனா ஆயர் ஆத்துமா சாந்தி அடையாது. ஏதாவது ஒரு முடிவுக்கு வாங்க!"

ஆமை தொம்மை இந்தமுறை கத்தவில்லை. "சாமி, எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. முழுசா அவிஞ்சு போறதுக்குள்ள அவரு முகத்தை ஒரு தடவை பாத்திரணும். வேற ஒண்ணும் கேக்கல" என்று அழுதது. அதைக் கேட்டு மீன்கொத்திக்கே மனசு இளகிவிட்டது.

"சரி, சிலையை இடிக்க வேண்டாம். இதே சிலைக்கு முகம் வெச்சுக்கோங்க" என்றது.

"முன்பக்க ஓட்டையையும் மண்ணு வெச்சு அடைச்சிருவோம். நெஞ்சு, பை எல்லாம் வந்துரும்!" என்றது ஒரு வாத்து.

"நல்ல யோசனை!" என்று இரண்டு கரையும் கத்தின. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரே குரல்!

அல்போன்ஸ் மட்டும் எழுந்தது. "அதை அடைக்கிறதுக்குப் பதிலா இடிச்சிருங்க! அடைச்சா அது அவரே இல்ல!" என்று சொல்லிவிட்டுக் குளத்தை விட்டே பறந்து போயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். சமாதானம் வந்த சந்தோஷத்தில் ஒரு குருவி போனது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

நாள் குறித்தார்கள். அடுத்த நாளே. மண்ணால் கூடு கட்டும் தகைவிலான் குருவிகள் முந்நூறு வந்து இறங்கியிருந்தன. எஸ்தாக்கி விடிந்தும் விடியாததுமாகப் பிலோமியிடம் ஓடியது.

"இன்னும் ஒரு நாள்தான் ஐயா. முட்டைக்குள்ள சத்தம் கேக்குது. காதை வெச்சுக் கேளுங்க!" என்று பிலோமி பூரித்துப்போய்ச் சொன்னது.

எஸ்தாக்கி காதை வைத்துக் கேட்டது. மெல்லிய சத்தம். உயிருள்ள சத்தம்.

"பிலோமி, இன்னைக்கு இங்க கூட்டம் வருது. உன்னைப் பாத்தா விரட்டி அடிப்பாங்க. அந்தத் தாழம்புதருக்குள்ள கொஞ்ச நேரம் இருந்துக்கோ. சாமிகிட்டச் சொல்லி, உனக்கு ஒரு வாசல் விட்டு அடைக்கச் சொல்றேன்."

"முட்டை?"

"நான் பாத்துக்கிடுதேன். என் பொறுப்பு."

பிலோமி நம்பியது. உபதேசியார் சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்? முட்டைகள் மேல் தாமரை இலையைப் போர்த்திவிட்டுப் போனது. எஸ்தாக்கி நேரே சாமியாரிடம் நடந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நடந்தது. அதில் பொய் இல்லை.

"தோத்திரம் சாமி. சிலை விஷயமா ஒண்ணு..."

"எஸ்தாக்கி! இன்னைக்கு மட்டும் ஒரு பிரச்சினையும் கொண்டு வராதீரும்!" ரபேல் சாமியார் கும்பிடாத குறையாகச் சொன்னார். "அங்க பாரும்!"

கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் ஒன்றாக நடந்து வந்தன. ஆமையை மீன்கொத்தி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தது. வாத்துகள் அழுதன, தவளைகள் பாடின. செபம் முடியட்டும், பிறகு சொல்வோம் என்று எஸ்தாக்கி நினைத்தது. மண் பூசுவதற்கு நேரமாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

மன்றாட்டு மாலை ஆரம்பித்தது. எஸ்தாக்கிதான் முன்னால் நின்று புனிதர்களின் பேரைச் சொல்ல வேண்டும். சனங்கள் பதில் சொல்லுவார்கள். கோரைக்குளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மன்றாட்டு மாலையை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நினைத்த காரியம் குலைந்துபோகும் என்பார்கள். மரம் முறிந்து விழுந்தாலும் நிறுத்தியதில்லை.

"புனித சூசையப்பரே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

முந்நூறு குருவிகளும் ஒரே நேரத்தில் மண்ணை அப்பின. ஒரு பேருக்கு ஒரு வரிசை. அப்படித்தான் அவை வேலை செய்யும். பாட்டின் தாளத்துக்கு அப்பும். எஸ்தாக்கி நினைத்ததைவிட வேகம். அங்கியின் கீழ்ப்பாதி மூடிக்கொண்டது.

"புனித சின்னப்பரே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

இப்போது ஒரு பானை வாய் அளவுக்குத்தான் ஓட்டை. 'நிறுத்துங்க' என்ற ஒரு வார்த்தை போதும். எஸ்தாக்கியின் தொண்டை வரைக்கும் அது வந்தது. அத்தனை கண்ணும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஆமையின் மங்கிய கண்ணும்தான்.

"புனித இராயப்பரே!" என்றது எஸ்தாக்கி.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

ஓட்டை மறைந்தது. குருவிகள் மேலே பறந்து போய்க் கண் வைத்தன, அலகு வைத்தன, பை வைத்தன. அசல் சந்தியாகு ஆயர்! ஆமை தொம்மை கிட்டே போய்க் கழுத்தை நீட்டிப் பார்த்துப் பார்த்து அழுதது. பிறகு எல்லோரும் கோயில் அசன விருந்துக்கு உட்கார்ந்தார்கள். ஒரே பந்தி. கரைப் பாகுபாடு இல்லை. எஸ்தாக்கிக்கு ஆமைக்குப் பக்கத்தில் இடம் போட்டார்கள். அது வாயில் வைத்த மீன் உள்ளே இறங்கவில்லை.

வெயில் ஏறியபோது பிலோமி வந்தது. சிலையைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது.

"ஐயா, வாசல் எங்க?"

"மெதுவாப் பேசு பிலோமி..."

"வாசல் எங்கய்யா?"

"சாமி சாப்பிட்டு எழும்பட்டும். பொழுது சாயறதுக்குள்ள ஓட்டை போட்டுருவோம். மண்ணு ஈரமாத்தான இருக்கு."

சித்திரை வெயிலில் மண் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? சாமியார் எழுந்ததும் வெளியூர் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவர்கள் போனதும் ஆமை வந்து கதை பேசியது. ஒவ்வொரு தடவையும் எஸ்தாக்கி வாயைத் திறந்தது, ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ சொன்னது. பொழுது சாயும்போது மண் ஓடுபோல இறுகிவிட்டது.

மறுநாள் காலை பூசைக்குக் கூடியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சிலைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"கீச்... கீச்..."

"ஆயர் பேசுதாரு!" என்று ஒரு வாத்து மண்ணில் விழுந்தது.

"புதுமை! அற்புதம்!" என்று குளமே அதிர்ந்தது. "முகம் வெச்சதும் பேசிட்டாரு!" என்று கிழக்குக் கரை கத்தியது. "நாங்க விட்டுக்கொடுத்ததுக்குப் பலன்!" என்று மேற்குக் கரை கத்தியது. மீன்கொத்தி விக்டர்கூட முழங்கால் போட்டது. பட்டணத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லையாம்!

பிலோமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது.

"அது என் பிள்ளைங்க! பொரிச்சிருச்சு! உள்ள மூச்சு முட்டும்! உடைங்க!"

"யாரு இது?"

"நம்ம குளமே இல்ல. எங்கிருந்தோ வந்த வந்தட்டி."

"புதுமையைப் பழிக்கிறா! இழுத்து வெளிய போடு!"

"உடைங்கய்யா! உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா! உபதேசியாரைக் கேளுங்க! அவருக்குத் தெரியும்!"

கூட்டம் அடங்கியது. ரபேல் சாமியார் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை. அவர் முகத்திலும் சந்தேகம் தட்டியிருந்தது.

"எஸ்தாக்கி, சிலைக்கு நீர்தான காவல். அடைக்கிறதுக்கு முந்தி உள்ள ஏதாவது இருந்துச்சா? உண்மையைச் சொல்லும். இருந்துச்சுன்னா இப்பவே உடைச்சிருவோம்."

பிலோமி எஸ்தாக்கியைப் பார்த்தது. கூட்டமும் பார்த்தது. இருந்தது என்று சொன்னால், தெரிந்துகொண்டே ஏன் அடைக்க விட்டீர் என்று கேட்பார்கள். கூடு கட்ட விட்டது யார் என்று கேட்பார்கள். புதுமை போய்விடும். ஆமை மறுபடி அழும். இரண்டு கரையும் மறுபடி பிளக்கும், அதற்குத் தானே காரணமாகிவிடுவோம். இத்தனையும் ஒரு நொடியில் எஸ்தாக்கிக்குத் தோன்றியது. குஞ்சுகள் கத்துவதும் அதே நொடியில் கேட்டது.

"நான் உள்ள பாக்கல சாமி" என்றது எஸ்தாக்கி.

கூட்டம் பெருமூச்சு விட்டது. பாட்டு உச்சத்துக்கு ஏறியது. பாட்டுச் சத்தத்தில் கீச்சுச் சத்தம் அமுங்கிப்போனது.

பிலோமி அதற்குப் பிறகு கத்தவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு நண்டிடம், "இதைப் பின்னினது யாரு?" என்று மட்டும் கேட்டது. குருவி தெற்கே ஏரிக்கரைப் பனையில் இருக்கிறது என்று நண்டு சொன்னது. நீர்க்கோழிக்குப் பறக்க அவ்வளவாக வராது. அது நடக்க ஆரம்பித்தது.

எஸ்தாக்கி சிலைக்குக் காவலாக நின்றது. பக்கத்துக் குளங்களிலிருந்து சனம் சாரை சாரையாக வந்தது. சிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. முதல் நாள் சத்தம் பலமாகக் கேட்டது. அடுத்த நாள் நடுநடுவேதான் கேட்டது. வந்தவர்கள், "என்ன சொல்லுதாரு உபதேசியாரே?" என்று கேட்டார்கள். எஸ்தாக்கி ஏதோ ஒரு பதிலும் சொன்னது. பாவி! அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது!

மத்தியானம் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. எஸ்தாக்கியால் தாங்க முடியவில்லை. அலகை ஓங்கிச் சிலையின் நெஞ்சில் ஒரு கொத்துக் கொத்தியது. ஒரு விரல் அளவு மண் பெயர்ந்தது.

"என்னவே பண்ணுதீரு?" என்று ஆமை தொம்மை தலையை நீட்டியது.

"ஒண்ணுமில்ல பெரியவரே. பூச்சி இருந்துச்சு, தட்டினேன்" என்றது எஸ்தாக்கி. பெயர்ந்த மண்ணை எச்சில் தொட்டு மறுபடி அதே இடத்தில் ஒட்டியும் வைத்தது.

மூன்றாம் நாள் காலையில் சத்தம் இல்லை.

"ஆயர் ஏன் பேசல?" என்று கேட்டார்கள். "மேற்குக் கரைக்காரங்க முழு மனசா விசுவசிக்கல, அதான்!" என்றது கிழக்குக் கரை. "கிழக்குக் கரைக்காரங்க பெருமை அடிச்சுக்கிட்டாங்க, அதான்!" என்றது மேற்குக் கரை. கெட்டியாக நிற்கும் என்று நினைத்த சமாதானம் மூன்று நாளில் பல்லைக் காட்டிவிட்டது.

அப்போது பிலோமி வந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. மேலே அல்போன்ஸ் பறந்து வந்தது. அது யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. சிலைக்குப் பின்னால் போனது.

"தொடாதே!" என்று கத்தினார்கள்.

"நான் போட்ட முடிச்சு. எனக்குத் தெரியும் எங்க அவுக்கணும்னு" என்றது அல்போன்ஸ். ஒரே இழுப்பு. பின்பக்கத்துக் கோரை சரசரவென்று பிரிந்தது. மண் பாளம் பாளமாக விழுந்தது. ஆயரின் புதுமுகம் முன்னால் கவிழ்ந்து இரண்டாக உடைந்தது.

உள்ளே நான்கு குஞ்சுகள் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஒண்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றுக்கும் உயிர் இல்லை.

ரபேல் சாமியார் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு கரைக்காரர்களும் ஆரம்பித்தார்கள்.

"மண்ணு வெச்சு அடைக்கச் சொன்னது யாரு? கிழக்குக் கரைதான!"

"ஓட்டை வெச்சுச் சிலை செய்யச் சொன்னது யாரு? நீங்கதான!"

கூச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. குஞ்சுகளை யாரும் தூக்கவில்லை. பிலோமி அந்தச் சண்டைக்குள் நுழையவில்லை. அது நேரே எஸ்தாக்கியிடம் வந்தது. அழவில்லை, சபிக்கவும் இல்லை.

"உள்ள பாக்கலன்னு சொன்னீங்களே ஐயா. இப்பப் பாருங்க."

எஸ்தாக்கி குனிந்து பார்த்தது. நான்கு குஞ்சுகளின் அலகிலும் மண் ஒட்டியிருந்தது. அடைத்த சுவரின் உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கொத்தல்கள். எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. வெளிப்பக்கம் தான் கொத்தியது ஒன்றே ஒன்றுதான் என்பது அதற்குத் தெரியும்.

எல்லோருக்கும் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டு, சொல்ல வேண்டிய நேரத்தில் உண்மையை விழுங்குகிறவன், தன் கை படாமலேயே கொலை செய்கிறான்.